சாலைக்கு அடியில் எத்தனை குழாய்? கணக்கெடுக்கும் கணினி

சிங்கப்பூரில் ஏதாவது ஒரு சாலையோரம் ஆரஞ்சு நிறத் தடுப்புகளை நிறுத்தித் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காத நாள் அரிது. அப்படிப்பட்ட இடத்தில் மண்தோண்டும் இயந்திரம் முதல் பிடி மண்ணை அள்ளுவதற்கு முன், ஊழியர் ஒருவர் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு தரையை ஒட்டினாற்போல் ஆட்டியபடி மெதுவாக நடப்பார். கருவி ஒலி எழுப்பும் இடங்களில் சாயத்தால் கோடு போடுவார். மின்கம்பிவடம் எங்கே போகிறது என்று கண்டறிய உரிமம் பெற்றவர் அவர். அவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இயந்திரத்துக்கு வேலையில்லை. அங்கே கையால்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதில்தான் கீழே இறங்கி மண்வெட்டி பிடிப்பவரின் உயிர் இருக்கிறது. இறங்குவோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாலைக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது? குடிநீர்க் குழாய், புதுநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், எரிவாயுக் குழாய், உயர் அழுத்த மின்கம்பிவடம், வீடுகளுக்குப் போகும் சாதாரண மின்கம்பிவடம், தொலைபேசி மற்றும் இணையக் கம்பிவடங்கள், சாலை விளக்குக்கும் போக்குவரத்து விளக்குக்கும் தனித்தனிக் கம்பிகள். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர். ஒவ்வோர் உரிமையாளரிடமும் ஒரு வரைபடம். தோண்ட விரும்பும் குத்தகையாளர் அத்தனை பேரிடமும் வரைபடங்களை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வரைபடங்களில் பல, தாளில் பென்சிலால் வரையப்பட்டவை. ‘சாலை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஆழம் 1.2 மீட்டர்’ என்று குறித்திருக்கும். குறித்த அன்று அது சரியாகவே இருந்திருக்கும். பிறகு சாலை அகலமாக்கப்பட்டு விளிம்பு நகர்ந்துவிட்டது. மேலே இரண்டு மூன்று முறை தார் போட்டதில் தரையும் உயர்ந்துவிட்டது. குழாய் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அளவு எடுத்த விளிம்பையும் தரையையும் இன்று தேடினால் அவை இல்லை. இதனால்தான் இப்போது ஆழத்தைத் தரையிலிருந்து சொல்லாமல், கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட உயரக் கணக்கில் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டில் எஸ்விஒய்21 என்ற புதிய ஆயத்தொலைவு முறையும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வரைபடங்களைப் புதிய முறைக்கு மாற்றாமல் அப்படியே பொருத்தினால் குழாய்கள் இடம் மாறி நிற்கும்.

சரி, இதில் கணினி மென்பொருள் என்ன செய்கிறது? முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியில் வரைவது வேறு, கணினியில் மாதிரி அமைப்பது வேறு. சாதாரண வரைபட மென்பொருளில் குழாய் என்பது ஒரு கோடு. நீலக் கோடு என்றால் தண்ணீர், சிவப்புக் கோடு என்றால் மின்சாரம் என்று பார்ப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். தான் ஒரு குழாய் என்பது அந்தக் கோட்டுக்கே தெரியாது.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ‘சிவில் 3டி’, பென்ட்லி நிறுவனத்தின் ‘ஓப்பன்ரோட்ஸ்’ போன்ற மாதிரி அமைக்கும் மென்பொருள்களில் குழாய் ஒரு பொருளாகவே இருக்கிறது. அதற்கு விட்டம் உண்டு, சுவரின் கனம் உண்டு, வார்ப்பிரும்பா பிளாஸ்டிக்கா என்ற விவரம் உண்டு, தொடங்கும் உயரமும் முடியும் உயரமும் உண்டு. இரண்டு முனைகளிலும் எந்த மேன்ஹோலுடன் இணைகிறது என்பதும் அதற்குத் தெரியும். மேன்ஹோலை இரண்டு மீட்டர் நகர்த்தினால் குழாயும் கூடவே நகரும். நீளமும் சரிவும் தாமாகவே திருத்தப்படும். தரையின் மேடு பள்ளங்களும் ஒரு பரப்பாக உள்ளே இருப்பதால், குழாயின் மேல் எத்தனை மீட்டர் மண் மூடியிருக்கிறது என்பதை எந்த இடத்திலும் கேட்டுப் பெறலாம்.

இதன் பயனை உணர, குழாய்களின் குணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குடிநீர் அழுத்தத்தில் ஓடுவது. வழியில் ஏதாவது குறுக்கிட்டால் அந்தக் குழாய் மேலேறி இறங்கிப் போகலாம். மின்கம்பிவடத்தையும் ஓரளவு வளைக்கலாம். ஆனால் கழிவுநீர் தானாக, சரிவில் வழிந்து ஓடுவது. ஒரு முறை கீழே இறங்கிவிட்டால், பம்பு வைத்து ஏற்றினாலொழிய அது மேலே வராது. ஆகவே அனுபவமுள்ள பொறியாளர்கள் மாதிரியில் கழிவுநீரையும் வடிகாலையும் முதலில் உட்கார வைத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் மற்றவற்றை அப்புறம் சுற்றிலும் பொருத்துகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் பிடிவாதக்காரத் தாத்தாவுக்கு முதலில் அறை ஒதுக்குவது போலத்தான்!

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மேன்ஹோல்களுக்கு இடையே 60 மீட்டர் தூரம். 300 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும். 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் போனால், 60 மீட்டரில் 40 சென்டிமீட்டர் இறங்கும். பள்ளத்தின் அடி ஒரு முனையில் 2 மீட்டர் ஆழம், மறுமுனையில் 2.4 மீட்டர், சராசரி 2.2 மீட்டர். பள்ளத்தின் அகலம் ஒரு மீட்டர் என்றால், எடுக்க வேண்டிய மண் 132 கன மீட்டர். குழாய்க்கு அடியில் 15 சென்டிமீட்டர் கனத்தில் சரளைக்கல் பரப்ப 9 கன மீட்டர் வேண்டும். குழாயின் வெளிவிட்டம் 38 சென்டிமீட்டர் என்றால், அது அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 7 கன மீட்டர். மீதி 116 கன மீட்டரை நிரப்பி மூட வேண்டும்.

சாலைக்கு அடியில் என்பதால், தோண்டிய களிமண்ணையே திரும்பப் போடாமல் வேறு நல்ல மண் கொண்டுவந்து நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். அப்போது 132 கன மீட்டரும் வெளியே போக வேண்டும். இறுகிக் கிடந்த மண் வெளியே வந்ததும் உப்பும். கால் பங்கு உப்பினால் 165 கன மீட்டர் ஆகிவிடும். பத்துக் கன மீட்டர் ஏற்றும் லாரிக்கு 17 நடை. இந்தக் கணக்கு முழுவதையும் மென்பொருள் நொடியில் போட்டுப் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறது. ஏலக்குத்தகைக்கு விலை கொடுப்பவர் இந்தப் பட்டியலை வைத்துத்தான் விலை சொல்கிறார்.

இப்போது அதே பாதையின் நடுவே, அதே மட்டத்தில், ஒரு பழைய தண்ணீர்க் குழாய் குறுக்கே போகிறது என்று கொள்ளலாம். மாதிரியில் அது பதிவாகியிருந்தால், மோதல் சோதனையில் அந்த இடம் உடனே தெரிந்துவிடும். நேராக மோதுவதை மட்டுமன்றி, இரண்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி குறைந்தாலும் சொல்லும்படி அதை அமைத்துக்கொள்ளலாம். கழிவுநீர்க் குழாயை அரை மீட்டர் கீழே இறக்கினால் இன்னும் 30 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். லாரி 17 நடை என்பது 21 நடையாகும். அதோடு முடியாது. கழிவுநீர் மேலேறாது என்பதால் அடுத்த மேன்ஹோல், அதற்கடுத்த மேன்ஹோல் என்று எல்லாமே அரை மீட்டர் இறங்கும். ஆழம் கூடக் கூட, மண் சரியாமல் பள்ளத்தின் பக்கங்களைத் தாங்கும் முட்டுகளையும் வலுப்படுத்த வேண்டும். இதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயை வளைத்துவிட்டால் என்ன செலவு? இரண்டையும் மேசையில் வைத்து ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

மாதிரியில் அந்தத் தண்ணீர்க் குழாய் இல்லாமல் போயிருந்தால்? இயந்திரத்தின் பல் அதில் பட்ட பிறகுதான் தெரியும். அதுவே எரிவாயுக் குழாயாகவோ உயர் அழுத்த மின்கம்பிவடமாகவோ இருந்தால், லாரி நடைகளைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கணக்கெடுப்பில் சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. குழாயின் நீளத்தை ஒரு மேன்ஹோலின் மையத்திலிருந்து அடுத்த மேன்ஹோலின் மையம் வரை அளப்பது வடிவமைப்புக்கு வசதி. வாங்க வேண்டிய குழாயோ சுவருக்குச் சுவர்தான். மேன்ஹோலின் உள்விட்டம் 1.2 மீட்டர் என்றால், ஒவ்வோர் இடைவெளியிலும் 1.2 மீட்டர் குறையும். பத்து இடைவெளிகளில் 12 மீட்டர். மென்பொருள் இரண்டு நீளங்களையும் கொடுக்கும். எந்த நீளத்துக்கு ஒப்பந்தத்தில் பணம் என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே குழாய் இரண்டு முறை எண்ணப்படுவது. தண்ணீர் நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரு முறை, சாலை விரிவாக்கத்துக்காக எடுத்த அளவைப் படத்தில் இன்னொரு முறை, இருபது சென்டிமீட்டர் தள்ளி ஒரே குழாய் வந்துவிடும். பார்ப்பவர் இரண்டு குழாய்கள் என்று நினைப்பார். கணினியும் இரண்டு என்றே எண்ணும். ஆகவேதான் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே ஓர் அடையாள எண், ஒரே பெயரிடும் முறை என்பதில் விடாப்பிடியாக இருக்க வேண்டியிருக்கிறது. பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு மண்ணிலேயே விட்டுவிடப்பட்ட குழாய்களின் கதை இன்னும் மோசம். ‘செத்த குழாய்’ என்று நம்பி வெட்டினால், உள்ளே உயிர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. திரையில் முப்பரிமாணத்தில், வண்ண வண்ணமாகச் சுழலும் குழாய்களைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். சென்ற மாதம் நேரில் அளந்த குழாயும், நாற்பது ஆண்டுக்கு முன் பென்சிலால் போட்ட கோட்டிலிருந்து ஊகித்த குழாயும் திரையில் ஒரே மாதிரி பளபளக்கும். மென்பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பொய்யை உள்ளே கொடுத்தால், அதை மில்லிமீட்டர் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கும்.

இதற்கு மருந்தாகத்தான் தர வரிசை வந்தது. அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் 2002இல் வெளியிட்டு, 2022இல் திருத்திய தரநிலையில் நான்கு படிகள் இருக்கின்றன. பழைய பதிவை மட்டும் நம்பி வரைந்தது ‘டி’. மேலே தெரியும் மேன்ஹோல் மூடி, வால்வுப் பெட்டி ஆகியவற்றை அளந்து பதிவோடு பொருத்தியது ‘சி’. கருவிகளால் தரைக்கு மேலிருந்தே கண்டறிந்தது ‘பி’. தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தது ‘ஏ’. மலேசியாவில் நில அளவை, வரைபட இலாகாவான ஜூபெம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் ஏ முதல் டி வரையிலான இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. ‘படு’ என்ற தேசிய நிலத்தடிப் பயனீட்டுத் தரவுத்தளத்தையும் அந்த இலாகாதான் வைத்திருக்கிறது.

நல்ல மாதிரியில் ஒவ்வொரு குழாயின் விவரத்திலும் இந்த எழுத்து இருக்கும். நிறமும் அதன்படி மாறும். அளவுப் பட்டியலை எடுக்கும்போது, ‘மொத்தம் 2,000 மீட்டர்’ என்று ஒரே வரியில் வராமல், அதில் எத்தனை மீட்டர் கண்ணால் பார்த்தது, எத்தனை மீட்டர் வெறும் கேள்விப்பட்டது என்று பிரித்து வரும். பட்டியலில் பார்க்க வேண்டிய முதல் எண் அதுதான். மற்ற எண்கள் எல்லாம் அதற்குப் பிறகே.

‘டி’யை ‘பி’ ஆக்க உதவும் கருவிகளுக்கும் எல்லை உண்டு. மின்காந்தக் கருவி உலோகத்தைப் பிடிக்கும். பிளாஸ்டிக் குழாயை அதற்குத் தெரியாது. அதனால்தான் சில இடங்களில் பிளாஸ்டிக் குழாயோடு ஒரு செம்புக் கம்பியையும் சேர்த்துப் புதைக்கிறார்கள். தரையை ஊடுருவும் ராடார் பிளாஸ்டிக்கையும் காட்டும், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் அலைகள் சீக்கிரமே மங்கிவிடும். சிங்கப்பூரின் காலாங் ஆற்றுப் பகுதியிலும் கடற்கரை வட்டாரங்களிலும் மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஈரமான கடற்களிமண். மழை பெய்த மறுநாள் ராடாரைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் செலவழிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கணக்குச் சொன்னது. நிலத்தடிக் குழாய்களை முன்கூட்டியே முறைப்படி கண்டறியச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமானது. பிரிட்டனில் ஏறத்தாழ 4 மில்லியன் கிலோமீட்டர் குழாய்களும் கம்பிவடங்களும் மண்ணில் இருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 முறை அவற்றைத் தவறுதலாக இடித்துவிடுவதாகவும், அதனால் 2.4 பில்லியன் பவுண்டு வீணாவதாகவும் அந்நாட்டு அரசாங்கமே மதிப்பிட்டது. தேசிய நிலத்தடிச் சொத்துப் பதிவேடு ஒன்றை அது உருவாக்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. தைவானின் காவ்சியுங் நகரில் 2014ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி இரவு சாலையில் வாயு நாற்றம் அடிப்பதாகப் பொதுமக்கள் புகார் செய்தார்கள். தீயணைப்பாளர்கள் வந்தார்கள். எந்த வாயு, யாருடைய குழாய் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோதே, நள்ளிரவை ஒட்டிச் சாலைகள் வெடித்துப் பிளந்தன. தீயணைப்பாளர்கள் உட்பட 32 பேர் மாண்டனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கசிந்தது புரோப்பிலின் என்ற தொழிற்சாலை வாயு. அதன் குழாய் ஒரு மழைநீர் வடிகாலுக்கு உள்ளேயே குறுக்கே போயிருந்தது. மண்ணில் புதைந்திருக்க வேண்டிய குழாய், வடிகாலின் ஈரக் காற்றில் தொங்கிக்கொண்டு வெளிப்புறத்தில் துருப்பிடித்துக் கனம் குறைந்து போயிருந்தது. வடிகாலும் குழாயும் ஒரே மாதிரியில் ஏறியிருந்தால், மோதல் சோதனையின் முதல் பட்டியலிலேயே வந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் வடிகாலின் பதிவு ஓரிடத்தில், குழாயின் பதிவு வேறிடத்தில்.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் இரண்டு வழிகளிலும் போகிறது. மரினா பே வட்டாரத்தில் தண்ணீர்க் குழாய், மின்கம்பிவடம், தொலைத்தொடர்புக் கம்பிவடம், கட்டடங்களுக்குக் குளிரூட்டும் நீர்க் குழாய் ஆகியவற்றை ஆள் நடந்து போகக்கூடிய பொதுச் சேவைச் சுரங்கத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே தேட வேண்டியதில்லை, விளக்கைப் போட்டால் தெரியும். ஆனால் புதிதாக உருவாகும் வட்டாரத்தில்தான் இது சுலபம். சிராங்கூன் சாலையையோ கேலாங்கையோ தோண்டித் திருப்பிப் போட முடியாது.

மற்ற இடங்களுக்காக 2017ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நில ஆணையம், சிங்கப்பூர்-ஈடிஎச் நிலையத்துடனும் சூரிச் நகரின் நில அளவைத் துறையுடனும் சேர்ந்து ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டியில் இழுத்துச் செல்லும் ராடாரைச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 2019இல் மரினா பே, ஜூரோங் புத்தாக்க வட்டாரம், பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் ஆகியவற்றுக்கு நிலத்தடிப் பெருந்திட்டத்தையும் நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிட்டது.

சூரிச்சிலிருந்து கற்றுக்கொள்ள இருந்தது கருவியைவிட ஒரு பழக்கம்தான். அங்கே குழாயைப் பதித்தவுடன், பள்ளம் திறந்திருக்கும்போதே நில அளவையாளர் வந்து அளவெடுக்கிறார். அதற்குப் பிறகுதான் மண் போடுகிறார்கள். அந்த அளவு நேராகப் பதிவேட்டுக்குப் போகிறது. ராடாரும் தேவையில்லை, ஊகமும் தேவையில்லை. குழாய் பிறக்கும்போதே ‘ஏ’ தரத்தில் பிறக்கிறது. ஒரு குழாயை மிகக் குறைந்த செலவில், மிகத் துல்லியமாக அளக்கக்கூடிய நேரம் அதன் ஆயுளில் அந்தச் சில மணி நேரம் மட்டுமே.

கட்டுமானத் தளத்தில் அந்தச் சில மணி நேரம்தான் கிடைப்பதில்லை. அனுமதி விடிகாலை ஐந்து மணி வரை. அதற்குள் பள்ளத்தை மூடி, இரும்புத் தகட்டையோ தாரையோ போட்டு, சாலையைப் பேருந்துகளுக்குத் திறந்துவிட வேண்டும். மண் லாரி காத்திருக்கும், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அளவெடுப்பவர் இன்னும் வரவில்லை என்றால், வடிவமைப்பில் போட்டிருந்த அளவையே ‘பதித்த அளவு’ என்று எழுதி அனுப்பிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தத் தாள் கணினிக்குள் போகும். திரையில் குழாய் பளபளக்கும். இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் ஆரஞ்சு நிறத் தடுப்புகளை வைத்து, இன்னொருவர் மண்வெட்டியோடு இறங்குவார்.